பதினைந்து மில்லிமீட்டர் வாசற்படி

மார்ச் 3, திங்கள்

பிற்பகல் மூன்று மணி. வெளியே 36.8. கூடத்தில் 33.4. ஏ.சி. காலை பதினொன்றிலிருந்து ஓடுகிறது.

ஓசூரிலிருந்து வரதன் பேசினான். பூங்காவனத்தின் தம்பி. அக்காவிடம் பத்து நிமிடம், என்னிடம் ஒரு நிமிடம்.

"மாமா, மே நாலு ஞாயித்துக்கிழமை. அன்னிக்குதான் அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வண்டியோட வர்றேன். அதுக்குள்ள வீடு குளிர்ந்திருந்தா அக்கா அங்கயே இருக்கட்டும். இல்லன்னா கூட்டிக்கிட்டு வந்துடுவேன். இந்த வாட்டி ஒரு மாசத்துக்குன்னு இல்ல."

எத்தனை மாதத்துக்கு என்று நான் கேட்கவில்லை. அறுபத்திரண்டு நாள் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் புது நோட்டு.

மே நான்காம் தேதி இதைப் புரட்டிக் காட்ட வேண்டியிருக்கும், ஆகவே ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். பூங்காவனத்துக்கு வயது ஐம்பத்தைந்து. ஒன்பது வருடமாக எம்.எஸ். என்கிற நரம்பு நோய். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினால் இடது பாதம் தூக்க வராது, கண் மங்கும். சூடு இறங்கினால் பெரும்பாலும் திரும்பி வரும். எல்லா முறையும் வரும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். போன வருடம் மே 11 அன்று மெயின் ஸ்விட்ச் ட்ரிப் ஆகி, இரண்டே கால் மணி நேரம் ஏ.சி. நின்றது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். "இன்னொரு மே மாசம் இப்படிப் போகக் கூடாது" என்றார் டாக்டர்.

முப்பத்தோரு வருடம் மின் மீட்டர் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் மீட்டர் சரியாகவே இருக்கும். வீட்டில் எங்கோ கசியும். இப்போது கசிவது என் வீடு. மேற்குப் பார்த்த வீடு, ஐந்து ஜன்னல், ஒரு வாசல்கதவு.

மார்ச் 5, புதன்

வெளியே 37.1. கூடத்தில் 33.6.

காட்பாடி சாலையில் ஜன்னல் கடை வைத்திருக்கும் ஷாநவாஸ் வந்தார். நாற்பது வயது இருக்கும். டேப்பை எடுப்பதற்கு முன் ஐந்து ஜன்னலிலும் ஒரு ஊதுவத்தியைக் காட்டிக்கொண்டே போனார். புகை நேராக ஏறிய இடம் ஒன்றுகூட இல்லை. வாசல்கதவின் அடியில் காட்டியபோது புகை கூடத்துக்குள் படுத்துக்கொண்டே வந்தது.

"சார், உங்க ஏ.சி. தெருவுக்கும் சேர்த்து வேலை செய்யுது" என்றார்.

பூங்காவனம் சோபாவிலிருந்து, "அதான் எதிர்வீட்டு நாய் நம்ம வாசல்லயே படுத்துக் கிடக்குது" என்றாள்.

கதவடியில் ஓர் அங்குல இடைவெளி இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே தேக்கில் நிலைப்படி இருந்தது. பாதம் இடறுகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் ஆசாரியை வைத்து அதை அறுத்து எடுத்து, தரையைச் சமமாக்கினேன். பூங்காவனம் அப்போது மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவக்கூட இடமில்லாமல் இது என்ன வீடு, கோடவுனா என்று கேட்டாள். அதன் பிறகு இடறவில்லை. நான் செய்தது சரி.

மார்ச் 7, வெள்ளி

வெளியே 37.0. கூடத்தில் 33.5.

கண்ணாடிக்கு இரண்டு எண் சொல்கிறார்கள். ஒன்று, மேலே விழும் வெயிலின் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பது. இன்னொன்று, வெயிலே படாவிட்டாலும் வெளிச்சூடு எவ்வளவு கசியும் என்பது. குளிர்ப் பிரதேசத்தில் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். வேலூரில் முதலாவதைப் பார்க்க வேண்டும். முதல் கடையில் இரண்டாவது எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முதலாவதைக் கேட்டபோது, "நல்ல கம்பெனி சார்" என்று பதில் வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் பழைய கண்ணாடி நூற்றில் எண்பத்து மூன்று பங்கை விடுகிறது. ஷாநவாஸ் காட்டும் இரட்டைக் கண்ணாடி, நடுவில் காற்றறை, உள்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சு, இருபத்தாறு பங்கு விடும். மாதிரிப் பெட்டியும் கொண்டுவந்தார். குண்டு பல்புக்கு முன்னால் இரண்டு கண்ணாடி. பூங்காவனம் இரண்டிலும் மாறி மாறி உள்ளங்கையை வைத்தாள்.

"இது சுடுது. இது சுடல. இதுக்குப் போய் மூணு நாளா நோட்டுல எழுதிக்கிட்டு இருக்காரு, பாய்."

மார்ச் 9, ஞாயிறு

வெளியே 37.4. கூடத்தில் 33.9. அவள் உடல் சூடு 98.9. வாசலிலிருந்து கேட்டுக்குப் பதினான்கு அடி, எடுத்துக்கொண்ட நேரம் 51 விநாடி. ஜனவரியில் 38.

மார்ச் 12, புதன்

வெளியே 37.9. கூடத்தில் 34.0.

தள்ளு ஜன்னல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஓடுகிற பாதையில் முடி பிரஷ்தான் அடைப்பு, காற்று விடும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் ரப்பரில் அழுந்தி மூடும். அதிலும் திறக்கவே திறக்காத நிலைக்கண்ணாடியில் கசிவு இன்னும் குறைவு. ஐந்துக்கும் 'நிலை' என்று குறித்துக் கொடுத்தேன்.

ஷாநவாஸ் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட கேட்டீங்களா சார்?" என்றார்.

"அவளுக்காகத்தான்."

"அது சரி சார். கேட்டீங்களா?"

பூங்காவனம் படுக்கையறையில் இருந்தாள். அங்கிருந்தே குரல் வந்தது. "கூடத்து ஜன்னல் ஒண்ணு திறக்கணும். பூக்காரம்மா வந்தா எங்கிட்டு இருந்து கூப்பிடுவா, செவுத்துலயா? இவரு என்னை ஃப்ரிட்ஜ்ல வச்ச கத்திரிக்கா மாதிரி ஆக்கிடுவாரு பாய். வாடாது. ஆனா யாரும் எடுத்துக் கொழம்பும் வைக்க மாட்டாங்க."

ஷாநவாஸ் சத்தம் போட்டுச் சிரித்தார். ஒரு ஜன்னலைத் திறக்கும்படி மாற்றினேன். அதனால் இழப்பு 0.2 டிகிரிக்குள் இருக்கும் என்று கணக்கு.

மார்ச் 15, சனி

வெளியே 38.2. கூடத்தில் 34.1.

ஆர்டர் கொடுத்தாயிற்று. கதவுதான் நேரம் எடுத்தது. இரும்புத் தகடு உறை, உள்ளே நுரை அடைத்தது, மூன்று பக்கமும் ரப்பர். அடிப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு வழி சொன்னார் ஷாநவாஸ்.

"ஒண்ணு, கதவு அடியில ஒளிஞ்சிருக்கிற ரப்பர். சாத்தினா தானா எறங்கித் தரையத் தொடும். திறந்தா ஏறிக்கும். தரை சமமாவே இருக்கும். இன்னொண்ணு, கீழ அலுமினியப் பட்டை. நாலரை அங்குல அகலம், நடுவுல பதினஞ்சு மில்லி ஒசரம், ரெண்டு பக்கமும் சரிவு. மிதிச்சுக்கிட்டே போகலாம். சக்கர நாற்காலியே ஏறும்."

"எது நன்றாக அடைக்கும்?"

"பட்டைதான். உங்க மொசைக் தரை மேடு பள்ளமா இருக்கு. இறங்குற ரப்பர் ரெண்டு எடத்துல தொடாது. ஆனா அம்மாவுக்கு..."

"மிதித்துப் போகலாம் என்றீர்கள்."

"போகலாம் சார்."

பட்டை என்று எழுதிக்கொண்டேன். பூட்டு பற்றி ஒரே நிபந்தனை. உள்ளே இருப்பவர் சாவியில்லாமல் திறக்க வேண்டும். வெளியிலிருந்து யார் பூட்டியிருந்தாலும் திறக்க வேண்டும். இதில் பேச்சே கிடையாது என்றேன். ஷாநவாஸ் என்னைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

வெளியே 39.0. கூடத்தில் 34.8. கண்ணாடி இன்னும் வரவில்லை. பூச்சு போடும் இடத்திலேயே தாமதமாம். முப்பத்தேழு நாள் மீதி.

ஏப்ரல் 9, புதன்

வெளியே 40.3. கூடத்தில் 35.2. உடல் சூடு 99.4.

காலையில் காபி டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தாள். விழுந்து உருண்டது. மேசையின் விளிம்பு தெரியவில்லை என்றாள். ஈரத் துண்டு, குளிர்ந்த நீர், படுக்கையறை ஏ.சி. இருபதில். நாலரை மணிக்குக் கண் தெளிந்தது. ஏழு மணி நேரம்.

மாலையில் வரதன் போன் செய்தான். நல்லாயிருக்கேன் என்று சொன்னாள். எனக்குச் சாதகமாகச் சொன்னாளா, தம்பி பயப்படக் கூடாது என்று சொன்னாளா தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, "இதை நோட்டுல எழுதியிருப்பீங்களே" என்றாள். எழுதவில்லை என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

வெளியே 40.1.

ஜன்னல்கள் நேற்று வந்தன. இரண்டு நாள் வேலை, இன்று முடிந்தது. சுவரில் தூசி பறக்கும், சூடும் ஏறும் என்பதால் பூங்காவனத்தைப் படுக்கையறையில் வைத்துக் கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தேன். ஒவ்வொரு சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் நுரை அடித்து, வெளியே சிலிக்கான் பூசினார்கள். பூச்சுள்ள கண்ணாடி வெளிப்பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் பயன் பாதி போய்விடும். தீக்குச்சி கொளுத்திக் காட்டினால் கண்ணாடியில் நான்கு சுடர் தெரியும், பூச்சுள்ள முகத்தின் சுடர் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும் என்று ஷாநவாஸ் சொல்லியிருந்தார். ஐந்து ஜன்னலிலும் கொளுத்திப் பார்த்தேன். வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது சுடர் சிவந்து தெரிந்தது. ஐந்தும் சரி.

ஏப்ரல் 19, சனி

வெளியே 40.4. கூடத்தில் 30.7.

முதலில் தெர்மாமீட்டர் பழுது என்று நினைத்தேன். இன்னொன்றை வைத்துப் பார்த்தேன். 30.7.

தெருச் சத்தமும் பாதியாகிவிட்டது. பூங்காவனம் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். இந்தக் கோடையில் பிற்பகலில் அவள் கூடத்தில் உட்காருவது இதுவே முதல்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெளியே 40.6. கூடத்தில் 28.9.

கதவு மாட்டியாயிற்று. ஊதுவத்திப் புகை நேராக ஏறுகிறது. பட்டையின் மேல் நீல பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதை உரிப்பதற்கு முன்பே பூங்காவனத்தை நடக்கவைத்துப் பார்த்தோம். மிதித்து ஏறி, மிதித்து இறங்கினாள். மூன்று முறை. தடுமாற்றம் இல்லை. பாதத்தை அவ்வளவாகத் தூக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"ரயில் பிளாட்பாரத் தகடு மாதிரி இருக்கு" என்றாள்.

கேட்டுக்குப் பதினான்கு அடி, 40 விநாடி. வரதனுக்குக் கூடத்து வெப்பநிலையைப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

வெளியே 40.9. கூடத்தில் 28.8.

நீலத் தாளை உரித்தேன். அலுமினியம் பளபளவென்று இருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் கோடவுன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மஞ்சளைக் குழைத்துப் பட்டை முழுவதும் தடவி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்தேன். எனக்குச் சாமி, சடங்கு எதுவும் கிடையாது. அவளுக்காகச் செய்தேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கைகூப்பினாள். சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

விழுந்துவிட்டாள்.

காலை 6.40. பூக்காரம்மா வரும் நேரம். நான் உள்ளறையில் இரவு வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது வாசலுக்கு வெளியே வலது பக்கமாகக் கிடந்தாள். இடது செருப்பு பட்டைக்கு உள்ளே இருந்தது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. இடுப்பில் முறிவு இல்லை. வலது மணிக்கட்டில் சுளுக்கு, மூன்று வாரம் கட்டு.

சரிவு வழுக்கியிருக்க வேண்டும். ஷாநவாஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெளியே 41.2. கூடத்தில் 28.9.

ஷாநவாஸ் வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளந்தார். பதினைந்து மில்லி, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரிவில் தண்ணீர் ஊற்றி, தன் வெறுங்காலை வைத்துத் தேய்த்தார். வழுக்கவில்லை. சொரசொரப்பு கொடுத்த பட்டை.

"வழுக்காம எப்படி விழுந்தாள்?" என்றேன். குரல் உயர்ந்திருக்கலாம்.

அவர் குங்குமத்தைப் பார்த்தார். "சார், இது நீங்க வச்சதா, அம்மா வச்சதா?"

"நான்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல சார்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "எங்க வீட்டுலயும் வாசப்படிய மிதிச்சா எங்கம்மா தொடையில கிள்ளும். நாப்பது வயசாகுது. இன்னிக்கும் கால் தானாத் தாண்டுது. உங்க வாசல்லகூடத் தாண்டித்தான் வந்தேன். இப்பத்தான் கவனிக்கிறேன்."

கூலி வாங்கவில்லை. இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வெளியே 41.0. கூடத்தில் 28.7.

அவள் எழுவதற்கு முன் மஞ்சள் குங்குமத்தை வினிகர் போட்டுத் துடைத்தேன். கறை இல்லை.

எட்டு மணிக்குப் பார்த்தாள். "யாரு அழிச்சது?"

"தூசியாக இருந்தது."

"அழிச்சுட்டா அது தகடு ஆயிடுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

வெளியே 41.5. கூடத்தில் 28.8. உடல் சூடு 98.4. கண் தெளிவு. மணிக்கட்டைத் தவிர எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது.

நான்கு நாளாக வாசலுக்கு வெளியே போகவில்லை. பூக்காரம்மா ஜன்னல் வழியாகப் பேசிவிட்டுப் போகிறாள். இன்று பூங்காவனம் வாசல்வரை சுவரைப் பிடித்து வந்தாள். பட்டைக்கு முன்னால் நின்றாள். நான் பின்னால் நின்றேன். இடது கால் தரையைவிட்டு எழுந்தது. மிதிக்கும் உயரத்துக்கு அல்ல, தாண்டும் உயரத்துக்கு. நாலரை அங்குல அகலத்தைத் தாண்ட வேண்டுமானால் பாதம் ஒன்றரை அடி முன்னால் போய் விழ வேண்டும். அந்தக் காலால் அது முடியாது. பாதம் நடுங்கி, பழைய இடத்துக்கே திரும்பியது.

"மிதி, பூங்காவனம். செவ்வாய்க்கிழமை மிதித்தாயே."

"செவ்வாக்கிழமை அது தகடுங்க. நீங்கதான் அதை நிலைப்படி ஆக்கினீங்க. நான் என்ன வேணும்னா தூக்கறேன்? கால் தானாத் தூக்குது."

எழுத ஒன்றுமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தேன். எழுத வேண்டியது இதுதான். பட்டை வழுக்கவில்லை. உயரத்தை அளந்தேன், அகலத்தை அளந்தேன், கசிவை அளந்தேன். அவளை விழவைத்தது நான் வைத்த பொட்டு.

மே 2, வெள்ளி

வெளியே 41.3. கூடத்தில் 28.9.

பட்டையை எடுத்துவிட்டு இறங்கும் ரப்பர் போட முடியுமா என்று ஷாநவாஸிடம் கேட்டேன். கதவைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், பத்து நாள் ஆகும், அதுவரை பலகை வைத்து மூடலாம் என்றார். மே மாதத்தில் பத்து நாள் பலகை. வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன் பூங்காவனம் சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருவாட்டி அறுத்தீங்க. திரும்ப அறுக்கறதுன்னா என்னைக் கேட்டுட்டு அறுங்க." அப்புறம், "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பொட்டு வைங்க. வச்சாலும் வைக்காட்டியும் இனிமே அது நிலைப்படிதான்."

வைத்தேன். ஒரு பொட்டு பெரிதாகிவிட்டது.

மே 4, ஞாயிறு

காலை ஏழு மணி: வெளியே 30.2. கூடத்தில் 27.6.

வரதன் ஏழரைக்கு வந்துவிட்டான். கேட்டுக்கு வெளியே வண்டி. பின் சீட்டில் தலையணை வைத்திருந்ததைப் பார்த்தேன்.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தவன் ஒரு நிமிடம் நின்றான். "குளுகுளுன்னுதான் இருக்கு" என்றான். நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தினி நாளாச்சுக்கா வெளிய வந்து?"

"எட்டு நாள்."

என் பக்கம் திரும்பினான். "மாமா, வீட்டைக் குளிர வச்சுட்டீங்க. ஒத்துக்கிறேன். போன வருஷம் வெளியில பூட்டிட்டுப் போனீங்க. இந்த வருஷம் பூட்டாமலே பூட்டிட்டீங்க."

இதை நான் எங்கும் எழுதியதில்லை, பழைய நோட்டிலும் இல்லை. போன வருடம் மே 11 அன்று ஓய்வூதிய வேலையாக வெளியே போனேன். நான் இல்லாத நேரத்தில் அவள் கேட்டுவரை நடந்து விழுந்துவிடக் கூடாது என்று கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். மெயின் ஸ்விட்ச் வாசலுக்கு வெளியே சுவரில் இருக்கிறது. கதவிலிருந்து மூன்றடி. ட்ரிப் ஆனதை மேலே தள்ளினால் போதும். பத்து வருடம் முன்பு நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே கால் மணி நேரம் அவள் அந்தக் கதவின் உள்பக்கம் இருந்தாள்.

"விழுந்துவிடக் கூடாது என்றுதான் வரதா" என்றேன்.

"இப்ப மட்டும் விழலியா?"

"அவளுக்கு இங்கே..."

"நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்றாள் பூங்காவனம். "கூட்டிக்கிட்டுப் போறது என்னை. பேசிக்கறது நீங்களா? பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான். எங்கப்பாவும் இவரும் மின்சாரத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க."

வரதன் தலையைக் குனிந்துகொண்டான். "சரிக்கா, நீ சொல்லு. வர்றியா?"

"உன் வீட்டுக்கு வந்தா உன் பொண்டாட்டி நல்ல காபி போடுவா. இவரு போடறது கஷாயம். ஆனா அங்க நான் விருந்தாளிடா. இது என் வீடு. வாசலுக்குப் போய்ப் பூ வாங்கிட்டு உள்ள வர முடிஞ்சா, என் வீடு. முடியலன்னா இது குளுகுளு ஆஸ்பத்திரி. அதுக்கு உன் வீடு மேலு." எழுந்து நின்றாள். "போய்ட்டு வர்றேன். வர முடியலன்னா அப்படியே வண்டியில ஏறிக்கறேன். தலகாணி போட்டுத்தானே வச்சிருக்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்து வைத்தேன். வெளிக்காற்று முகத்தில் அடித்தது. சாத்திவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பட்டைக்கு முன்னால் நின்றாள். இடது கால் எழுந்தது, தாண்டும் உயரத்துக்கு. நடுங்கியது. திரும்ப வைத்தாள். இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. வரதன் பாய்ந்தான். "தொடாதே" என்றாள். அவன் கை அந்தரத்திலேயே நின்றது.

மூச்சு வாங்கினாள். கழுத்தில் வேர்வை. கதவைத் திறந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இங்க வாங்க" என்றாள்.

கையை நீட்டினேன்.

"கை வேணாம். குனிங்க."

புரியவில்லை.

"தெரியாம மிதிச்சுட்டா என்ன பண்ணுவோம்? தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். அதோட போச்சு. என்னால குனிய முடியாது. குனிஞ்சா எந்திரிக்க முடியாது. பொட்டு வச்சது நீங்கதானே? நான் மிதிக்கறேன். நீங்க தொட்டு ஒத்திக்குங்க."

"அக்கா, அப்படியெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர்..." என்று வரதன் ஆரம்பித்தான்.

"உன் வீட்டுல காபியில சர்க்கரை அள்ளிப் போட்டுக்கறது நீ, சர்க்கரைக்கு மாத்திரை முழுங்கறது உன் பொண்டாட்டி. இதுக்கு மட்டும் கேள்வி கேட்கறான்."

நான் குனிந்தேன். அறுபத்து மூன்று வயது, இடது முழங்கால் மடங்காது. வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டேன். பட்டையும் மூன்று பொட்டும் என் கண்ணுக்கு நேரே இருந்தன. அவள் பாதம் எழுந்தது. மேலே போயிற்று. கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கி, நடுப் பொட்டின் மேல் முழுதாக ஊன்றியது. நான் விரலை அவள் குதிகாலுக்குப் பக்கத்தில் வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அடுத்த கால் தாண்டி வெளியே இறங்கியது.

பதினான்கு அடி. விநாடி எண்ணவில்லை. வாட்ச் மேசையில் இருந்தது.

பூக்காரம்மா கேட்டில் நின்றிருந்தாள். "என்னாம்மா, வண்டியெல்லாம் நிக்குது, ஊருக்கா?" என்று கேட்டாள். பூங்காவனம் வண்டியின் மேல் கையை வைத்துச் சாய்ந்து நின்றாள். வண்டியின் கதவுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. வரதன் சாவியைக் கையில் வைத்திருந்தான். நான் இன்னும் வாசலில் முழங்காலிட்டிருந்தேன்.

"ரெண்டு மொழம் குடு" என்றாள். "தம்பி வந்திருக்கான். சாப்பிட்டுட்டுப் போவான்."

திரும்பி வந்தாள். பட்டைக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தாள்.

"திரும்பவுமா?" என்றேன்.

"உள்ள வரும்போது மிதிச்சா மட்டும் பாவம் இல்லியா?"

மிதித்தாள். தொட்டு ஒற்றிக்கொண்டேன். உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் பூவின் ஈரம்.

வரதன் பத்து மணிக்குக் கிளம்பினான். இட்லி ஆறு சாப்பிட்டான். போகும்போது அவனும் பட்டையைத் தாண்டித்தான் போனான். "மாமா, அக்கா ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி வாசலுக்குப் போவா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வண்டியில் ஏறியதும் சிரிப்பு நின்றது. "இருபத்தெட்டாம் தேதி அக்னி முடியற வரைக்கும் போன் பக்கத்துலயே இருக்கும்" என்றான்.

பிற்பகல் மூன்று மணி: வெளியே 41.8. கூடத்தில் 28.9.

மே 5, திங்கள்

வெளியே 42.0. கூடத்தில் 29.0. போக நான்கு, வர நான்கு. எட்டு முறை. முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும்.